பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் அங்கே ஒரு ‘பம்பாய்க்காரர் வீடு’ இருக்கும். எங்கள் ஊரிலும் உண்டு. தெருவிலேயே முதலில் மொசைக் தரை போட்ட வீடு அதுதான். அதைக் கட்டியவர் தாராவித் தோல் பதனிடும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஏழு பேரோடு படுத்து எழுந்து மிச்சம் பிடித்த காசில் எழும்பிய வீடு. அவர் பம்பாயில் இருந்த காலம் முழுக்க அங்கே யாரும் அவரைப் பம்பாய்க்காரர் என்று கூப்பிடவில்லை. அங்கே அவர் ‘மதராசி’. ஊர் திரும்பிய அன்றுதான் பம்பாய் அவர் பெயரில் ஏறியது. இன்று அவர் இல்லை. பேரப்பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவருக்கும் பம்பாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

போன மாதம் மும்பை போனபோது இந்த வீட்டு நினைப்போடுதான் போனேன். போன காரணம் வேறு. சின்ன வயதில் எங்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் விடியற்காலையில் ஒலித்த குரல்கள் பாம்பே சகோதரிகளுடையவை. அம்மா கோலம் போட்டு முடிப்பதற்குள் கேசட்டின் ஒரு பக்கம் முடிந்துவிடும். அந்தச் சகோதரிகள் பிள்ளைகளாகத் திரிந்த தெருவை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. துணைக்கு வந்தவன் அக்கா மகன். செம்பூரில் பிறந்து வளர்ந்தவன், இருபது வயது. அவனுக்கு வேறொரு ஆசை. “மாமா, முதல்ல உங்க ஆளுங்க ஏரியா. அப்புறம் எங்க ஆளுங்க ஏரியா. ரெண்டும் பக்கத்துலதான்” என்றான். அவனுடைய ஆட்கள் தாராவி ராப் பாடகர்கள்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் முதலில் மூக்குக்குத்தான் ஊர் தெரிகிறது. மல்லிகைச் சரம், வறுத்து அரைக்கும் காபிக்கொட்டை, கட்டுக்கட்டாக அடுக்கிய வாழையிலை. நேந்திரங்காயும் முருங்கைக்காயும் பரப்பிய கடைகளில் பேரம் பாதி தமிழிலும் பாதி மராத்தியிலும் நடக்கிறது. 1942-இல் தொடங்கிய ராமநாயக் உடுப்பி ஹோட்டலில் இன்றும் இலைபோட்டுச் சாப்பாடு. ஆஸ்திக சமாஜத்தின் கொச்சு குருவாயூர்க் கோயில் நடந்துபோகிற தூரம்.

மாட்டுங்காவின் அகலமான தெருக்களுக்கும் வட்டமான பூங்காவுக்கும் பின்னால் ஒரு கொள்ளை நோய் இருக்கிறது. 1896-இல் பம்பாயைப் பிளேக் சூறையாடிய பிறகு, 1898-இல் அரசு அமைத்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலான தீவு நகரத்துக்கு வடக்கே புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் வயலும் சதுப்பும் மனைகளாயின. ரயில்வே கணக்கர்களாகவும் டைப்பிஸ்ட்களாகவும் வந்த தென்னிந்தியர்கள் இந்த வீடுகளில் வாடகைக்கு ஏறினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாட்டுக் கேட்க இடம் வேண்டும் என்று 1952-இல் ஷண்முகானந்தா சபை பிறந்தது. 1963-இல் அதன் பெரிய அரங்கம் திறந்தது. 1990-இல் தீப்பிடித்து, 1998-இல் மறுபடி எழுந்தது. இதே டிரஸ்ட் கட்டிய பரேல் சால் ஒன்றின் சிறு அறைகளில்தான் அம்பேத்கரின் குடும்பம் பல ஆண்டுகள் வாழ்ந்தது. ஒரே அலுவலகத்தின் வரைபடத்தில் சிலருக்கு பால்கனி வைத்த வீடு, சிலருக்கு நடைபாதையில் பொதுக் குழாய். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மாட்டுங்காவின் அழகைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாம்பே சகோதரிகளான சரோஜாவும் லலிதாவும் படித்தது தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பெண்கள் பள்ளியில். பிறந்தது திருச்சூர். வளர்ந்தது இங்கே. முதலில் எச்.ஏ.எஸ். மணியிடம் பாட்டு. அவர் பாடகர் ஹரிஹரனின் தந்தை. பிறகு முசிரி சுப்பிரமணிய ஐயர், டி.கே. கோவிந்தராவ். மேல்படிப்புக்குச் சென்னை போனார்கள், அங்கேயே தங்கினார்கள். பத்மஸ்ரீ விருது 2020-இல் வந்தது. 2023 ஜனவரி கடைசி நாளில் லலிதா காலமானார். அறுபது வருஷம் ஒரே குரலாக ஒலித்த இரண்டில் ஒன்று நின்றுபோனது.

பள்ளி விடுகிற நேரத்தில் அந்தத் தெருவில் நின்றேன். இரட்டைப் பின்னலோடு பிள்ளைகள் ஓடிவந்தார்கள். எந்த வாசற்படி, எந்த மாடி என்று கதவு கதவாக விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் காலத்து மூன்று மாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கோபுரங்களுக்கு வழிவிடுகின்றன. நிற்பவற்றில் துணி காய்கிறது, குடும்பங்கள் குடியிருக்கின்றன. தேடி வந்ததை அங்கே நின்றபடி வேறு விதமாக யோசித்தேன். மாட்டுங்காவில் இருந்தபோது அவர்கள் வெறும் சரோஜா, லலிதா. பம்பாயில் இருக்கிற பெண்ணைப் பம்பாய்ப் பெண் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? சென்னை மேடைதான் அந்தப் பெயரைக் கேட்டது. ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகே ஊர் பெயரில் வந்து ஒட்டுகிறது, எங்கள் தெருப் பம்பாய்க்காரருக்கு ஒட்டியதைப் போல.

செம்பூர் வந்த பிறகு இது இன்னும் தெளிவாயிற்று. பாடகி பாம்பே ஜெயஸ்ரீ இங்கே பள்ளியில் படித்து, மாட்டுங்கா போத்தார் கல்லூரிக்குப் போனவர். பெற்றோரிடமும் பிறகு டி.ஆர். பாலாமணியிடமும் கற்றவர். லால்குடி ஜெயராமனிடம் பயிலச் சென்னைக்குப் போனார், பாம்பே அவரோடு போனது. அதே பாலாமணியிடம் கற்ற இன்னொரு செம்பூர்ப் பிள்ளை சங்கர் மகாதேவன். அவர் மும்பையிலேயே இருந்துவிட்டார். அவர் பெயருக்கு முன்னால் எந்த ஊரும் இல்லை. ஒரே குரு, ஒரே பேட்டை. ஒருவர் புறப்பட்டார், ஒருவர் தங்கினார். பெயரில் அது பதிவாகியிருக்கிறது. மேடை நாடகத்தில் பாம்பே ஞானம், திரையில் டெல்லி கணேஷ். கணேஷ் டெல்லியில் பிறக்கவில்லை, எங்கள் பக்கத்து வல்லநாட்டுக்காரர். விமானப் படை வேலையில் டெல்லியில் இருந்து, அங்கே தமிழ் நாடகத்தில் நடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். வந்த வழியைச் சொல்லும் பெயர் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995-இல் பம்பாய் மும்பையானது. ரயில் பலகை மாறியது, விமான டிக்கெட் மாறியது. பாம்பே சகோதரிகள் மாறவில்லை, பாம்பே ஜெயஸ்ரீ மாறவில்லை. 2023-இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தெடுத்தபோதும் அவர் பாம்பே ஜெயஸ்ரீதான்.

செம்பூர்த் தமிழர்கள் எதிர்த் திசையில் ஒன்று செய்தார்கள். சேடா நகரில் முருகனுக்குக் கோயில் எழுப்பி, இடத்தைத் திருச்செம்பூர் ஆக்கிவிட்டார்கள். திருச்செந்தூருக்கும் திருச்செம்பூருக்கும் நடுவில் இரண்டே எழுத்து வித்தியாசம் என்று எவருக்கோ ஒருநாள் பட்டிருக்கிறது. படியேறி அங்கே போய் நின்றபோது, புலம்பெயர்ந்தவனின் ஏக்கத்துக்கு இதைவிட அழகான விலாசம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

நான் அபிமானித்த ஒருவரின் பிள்ளைப் பருவ வீட்டுக்கு முன்னால் நான் உண்மையிலேயே போய் நின்றது மதுரையில். மேலமாசி வீதிப் பக்கம் அனுமந்தராயன் கோயில் தெருவில், முகப்பில் வீணை வைத்த வீடு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்த ஊர், தாய் சண்முகவடிவு வீணை வாசித்த வீடு. அந்தத் தெருவில் இன்று பூட்டும் துணியும் பாத்திரமும் விற்கிற சந்தடி. நிமிர்ந்து பார்த்தால் மட்டும் வீணை தெரியும். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் காத்துவருகிறது. ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நடப்பார்கள். மதுரையில் எனக்கு வேறொன்று நடந்தது. எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தில் எம் என்பது மதுரை, எஸ் என்பது சண்முகவடிவு என்பது தெரிந்த விஷயம்தான். அந்த வாசலில் நின்றபோது அது முதல்தடவையாக உறைத்தது. தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஊரும் தாயும் நிற்கிறார்கள். உலகம் முழுக்க அவர் எங்கே போனாலும் அந்தத் தெருவும் கூடவே போயிற்று.

‘ஊர்ப் பெயர் வைத்த பேண்ட்’ என்றதும் அக்கா மகன் விரல்விட்டு எண்ணினான். சிகாகோ, பாஸ்டன், கன்சாஸ். தெருப்பெயர் வைத்தவர்களும் உண்டு என்றான். கலிபோர்னியாவில் சவுத் கேட்டின் சைப்ரஸ் அவென்யூப் பையன்கள் ‘சைப்ரஸ் ஹில்’ ஆனார்கள். கொச்சியில் தைக்கூடம் பாலத்தருகே கூடி வாசித்தவர்கள் 2013-இல் ‘தைக்கூடம் பிரிட்ஜ்’ ஆனார்கள். ‘96’ படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா அங்கிருந்து வந்தவர்தான். “நம்ம பக்கம் இப்படி யாரு மாமா?” என்று கேட்டான். ஆலத்தூர் சகோதரர்கள், சிக்கல் சகோதரிகள், சூலமங்கலம் சகோதரிகள் என்று நானும் விரல்விட்டேன்.

ஆலத்தூர் சகோதரர்கள் கதையைச் சொன்னபோது அவன் நடப்பதை நிறுத்திவிட்டான். ஸ்ரீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்களே இல்லை. சிவசுப்பிரமணியத்தின் தந்தை வெங்கடேச ஐயரிடம் பாட்டுக் கற்க வந்தவர் ஸ்ரீனிவாசன். இருவரும் சேர்ந்து பாடினார்கள், ஊர் அவர்களைச் சகோதரர்கள் ஆக்கிவிட்டது. பிறப்பு தராத உறவை ஒரு கிராமத்தின் பெயர் தந்தது. “அப்ப நம்ம பசங்க செஞ்சதும் இதேதான” என்றான்.

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சயான் பக்கம் போய்த் திரும்பினால் தாராவி வந்துவிடும். கால்மணி நேர நடை. அந்தக் கால்மணி நேரத்தை ஒரு தலைமுறைத் தமிழர்கள் மறைத்தே வாழ்ந்தார்கள். வேலைக்கு மனுப்போடும்போது விலாசத்தில் சயான் என்று எழுதினார்கள், மாகிம் என்று எழுதினார்கள், துணிச்சல் இருந்தால் மாட்டுங்கா என்று எழுதினார்கள். தாராவி என்று எழுதியவனுக்குப் பதில் வராது என்பது வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களை உறவினர் வீட்டுக்கு வரச்சொன்ன குடும்பங்கள் உண்டு. வெளியே மதராசி என்ற பெயர். 1966-இல் தொடங்கிய சிவசேனையின் முதல் கோபமே தென்னிந்தியர் மீதுதான். உள்ளே தாராவி என்ற பெயர். ஊர்ப் பெயர் எல்லா நேரமும் பெருமையோடு ஒட்டுவதில்லை. அடுத்தவன் அறைந்து ஒட்டுவதும் உண்டு.

அப்படி ஒட்டிய பெயரைத்தான் தாராவிப் பையன்கள் தங்கள் கையால் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். குப்பை பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து ஏகார்ன் பவுண்டேஷன் உருவாக்கிய குழுவுக்கு ‘தாராவி ராக்ஸ்’ என்று பெயர். அவர்கள் வாத்தியம் பிளாஸ்டிக் பீப்பாயும் பெயிண்ட் டப்பாவும். தாராவியில் மறுசுழற்சிக்கு வந்து குவியும் பொருளே அங்கே தாளமாகிறது. 2008-இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் பெயரைத் திருப்பிப் போட்டு ‘ஸ்லம்காட்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள் பிரேக் டான்ஸ் ஆடியவர்கள். நாய் என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அதே எழுத்துகளில் கடவுளை வைத்தார்கள். ‘செவன் பந்தாய்ஸ்’ என்ற ஏழு பேர் இந்தி, மராத்தி, தமிழ் எல்லாம் கலந்து பாடினார்கள். பந்தாய் என்றால் மும்பைத் தெருப்பேச்சில் கூட்டாளி, சகா. எம்.சி. அல்தாஃப் ஒரு பாட்டுக்கு ‘கோட் மும்பை 17’ என்றே பெயர் வைத்தார். 400017 தாராவியின் பின்கோடு. அப்பன்மார் விண்ணப்பத்தில் மறைத்த எண்ணைப் பிள்ளைகள் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

தமிழருக்கு நெருக்கமான குழு ‘டோப்பேடெலிக்ஸ்’. ஸ்டோனி சைக்கோ, டோப் டாடி, போன்ஸ் என் ரிப்ஸ் என்று மேடைப்பெயர்கள். போலீஸ் கெடுபிடியைப் பற்றி மராத்தியில் பாடிக் கவனம் பெற்றவர்கள். 2018 ஜூனில் வந்த பா. ரஞ்சித்தின் ‘காலா’ படத்துக்குச் சந்தோஷ் நாராயணன் இவர்களைப் பாட வைத்தார். இதில் என்னை நெகிழச் செய்வது ஒன்று உண்டு. படத்துக்கான தாராவியின் பெரும்பகுதி சென்னையில் செட்டாகப் போடப்பட்டது. சந்தும் மாடிப்படியும் வண்ணான்துறையும் மரத்திலும் பிளாஸ்டரிலும் செய்யப்பட்டவை. அந்தப் படத்தில் செட் போடாமல் அப்படியே வந்த தாராவி இந்தப் பையன்களின் குரல். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜோயா அக்தரின் ‘கல்லி பாய்’ வந்தபோது தாராவி ராப் நாடு முழுக்கத் தெரிந்துபோனது. அதற்கு முன்பே, 2015-இல், ‘தாராவி ட்ரீம் புராஜெக்ட்’ பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ராப்பும் பீட்பாக்ஸும் நடனமும் இலவசமாகச் சொல்லித்தரத் தொடங்கியிருந்தது.

தொண்ணூறு அடி ரோட்டில் நடந்தோம். பொங்கலன்று இந்தச் சாலை நெடுக வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பானை ஏற்றுவார்கள். அன்றைக்குச் சாதாரண வியாழக்கிழமை. இட்லி மாவு பாக்கெட், கருவாடு, திருநெல்வேலி அல்வா, தமிழ் எழுத்தில் சலூன் பலகை. பிள்ளையார் கோயிலைத் தாண்டி, காமராஜர் பெயர் தாங்கிய பள்ளியைத் தாண்டி, ஒரு சந்துக்குள் நுழைந்தோம். இரண்டு தோள் சேர்ந்து போக முடியாத அகலம். மேலே ஒயர்கள், கீழே மூடிய சாக்கடை, இரண்டு பக்கமும் திறந்த கதவு.

இந்தச் சந்துகளின் காலம் எண்ணப்பட்டுவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது ஏற்பாடு. பிற்பாடு வந்தவர்களுக்கும் மாடி அறைக்காரர்களுக்கும் வேறு விதி, வேறு இடம். முலுண்ட், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்கள், தேவனார்க் குப்பைமேட்டு நிலம் என்று பெயர்கள் அடிபடுகின்றன. கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் பெண்களுக்கு வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் வேண்டும். அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் தாராவியில் பிள்ளைகள் கூடிப் பாட்டுக் கட்டுவது பெரும்பாலும் இரும்பு ஏணி ஏறிப் போகிற அந்த மாடி அறைகளில்தான். காகிதம் இல்லாதவை அவை. பின்னொரு காலத்தில் அவர்களைப் பார்க்க யாராவது வந்தால் எந்த வாசலைக் காட்டுவது?

டெட்ராய்டில் ராப் பாடகர் எமினெம் வளர்ந்த வீட்டுக்கு அப்படித்தான் வாசலே இல்லாமல் போனது. 2000-இல் வந்த ‘மார்ஷல் மாதர்ஸ்’ ஆல்பத்தின் அட்டையில் அவர் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். 2013-இல் தொடர்ச்சி ஆல்பம் வந்தபோது அட்டையில் அதே வீடு, ஜன்னல்கள் பலகை அடித்து. அந்த நவம்பரிலேயே தீப்பிடித்த வீடு இடித்துத் தள்ளப்பட்டது. பிற்பாடு அதன் செங்கற்கள் ரசிகர்களுக்கு விற்கப்பட்டன. லிவர்பூலில் ஜான் லெனனின் வீட்டையும் பால் மெக்கார்ட்னியின் வீட்டையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பாதுகாத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறது. எந்த வீட்டைக் காப்பது என்பதில் பாட்டுக்கு மட்டும் பங்கில்லை. அந்த வீடு நிற்கிற நிலத்துக்கு என்ன விலை என்பதற்கும் பங்குண்டு. தாராவிக்கு ஒரு பக்கத்தில் பாந்த்ரா குர்லா வணிக வளாகம் பளபளக்கிறது.

சந்தின் கோடியில் ஏணிக்கு மேலிருந்து தாளம் கேட்டது. பீப்பாயா, மேசையா தெரியவில்லை. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “யாரைத் தேடுதிய அண்ணாச்சி?” என்றார். அந்த ‘தேடுதிய’ போதும், தாமிரபரணித் தண்ணீர் குடித்த குடும்பம் என்று சொல்ல. ஊர்ப் பெயர் சொன்னேன். தன் மாமனார் ஊர் எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் என்றார். மேலே பையன்களைக் கூப்பிட்டார்.

நான்கு பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள். ஒருவன் கும்பார்வாடாக் குயவர் வீட்டுக் குஜராத்தி, ஒருவன் உத்தரப் பிரதேசத்துத் தையற்காரர் மகன். நால்வரும் பேசிக்கொண்டது இந்தி, திட்டிக்கொண்டது தமிழ். ஆறு மாதமாகச் சேர்ந்து பாடுகிறார்களாம். அக்கா மகன் குழுவின் பெயர் கேட்டான். இன்னும் வைக்கவில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது என்றார்கள். குயவர் வீட்டுப் பையனுக்கு இங்கிலீஷில் வைக்க ஆசை. மற்ற மூவரும் சந்தின் பெயரையே வைக்கலாம் என்கிறார்கள். “சந்தே போயிடும்ல?” என்று அக்கா மகன் கேட்டான். “அதுக்குத்தான் பாய்” என்றான் அந்த அம்மாவின் மகன்.

நால்வரும் மறுபடி ஏணி ஏறினார்கள். கீழ்க்கதவில் கணக்கெடுப்புக்காரர்கள் எழுதிய எண் இருந்தது. அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், யாரோ ஒருவன் தோளில் ஏறி நின்று எழுதியது போலக் கோணலாக, சாக்பீஸில் தமிழிலும் தேவநாகரியிலும் அந்தச் சந்தின் பெயர். பக்கத்தில் 17.